ஃப்ளை கட்டப் பழகுவது: முதலில் நூல், பிறகு இறகு

கேட்டிருப்பது சுருக்கமாக இது: ஃப்ளை (முள்ளில் நூலும் இறகும் கட்டிப் பூச்சி போலச் செய்யும் செயற்கை இரை) கொண்டு மீன்பிடிப்பது ஓரளவு கைவந்துவிட்டது, இனி ஃப்ளைகளைச் சொந்தமாகக் கட்ட ஆசை. தொடக்கநிலைப் பெட்டி ஒன்று வாங்கி, வீடியோ பார்த்து நீர்மேல் மிதக்கும் ட்ரை ஃப்ளை ஒன்று கட்ட முயன்றதில் நூல் இரண்டு முறை அறுந்தது, வால் ஒருபக்கமாகச் சரிந்தது, முடிச்சுப் போடும் நேரத்தில் தூண்டில் முள்ளின் கண் (தூண்டில் நூல் கோக்கும் துளை) அடைத்துக்கொண்டது. ‘பொருள் மட்டமா, என் கை மட்டமா, எந்த ஃப்ளையில் தொடங்கியிருக்க வேண்டும்?’ என்கிறீர்கள். கேள்வி பொருளையும் ஃப்ளையின் பெயரையும் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளும் நூலைச் சேர்ந்தவை. அறுந்தது இழுப்பின் அளவோ நூல் உரசும் இடமோ தெரியாததால். வால் சரிந்தது நூல் பொருளை எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியாததால். கண் அடைத்தது நூலுக்குக் கடைசியில் இடம் வைக்காததால். மூன்றும் பழகினால் தீரும். அதனால் நூலைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். வலக்கைக்காரருக்காக எழுதுகிறேன், இடக்கைப் பழக்கம் உள்ளவர் இடம் வலம் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவிகளை முடித்துவிடுவோம். ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ரோமானியரான ஏலியன், மாசிடோனியாவில் ஆற்று மீனைப் பிடிக்க முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி இரண்டு சேவல் இறகு சேர்த்துக் கட்டினார்கள் என்று குறித்திருக்கிறார். இன்றைக்கும் வேலை அதுவே. முள்ளைப் பிடிக்க ஒரு வைஸ், நூலைப் பிடிக்க ஒரு பாபின், கூர்நுனிக் கத்தரி, ஹேக்கிளை (முள்ளில் சுற்றும் இறகை) பிடிக்கும் இடுக்கி, விப் ஃபினிஷ் என்ற கடைசி முடிச்சைப் போடும் கருவி, ஓர் ஊசி, இவ்வளவு போதும். சுழலும் வைஸ் வசதியானதுதான், ஆனால் கட்டாயம் இல்லை. வைஸ் முள்ளை அசையாமல் பிடிக்க வேண்டும் என்பதே கட்டாயம். முள்ளை மாட்டிவிட்டு கண்ணை விரல் நகத்தால் கீழே அழுத்தி விடுங்கள். கம்பி வளைந்து மீண்டு வர வேண்டும், தாடைக்குள் வழுக்கினால் அந்த வைஸ் உங்களை ஒவ்வொரு ஃப்ளையிலும் தொந்தரவு செய்யும். மலிவான பெட்டிகளில் முதலில் சொதப்புவது வைஸின் தாடையும் பாபினின் குழாய் விளிம்பும்தான். குழாய் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் இருந்தால் அது நூலை அராவிக்கொண்டே இருக்கும். நூல் ஒரே இடத்தில் பஞ்சுபோல் பிரிந்து அறுகிறதா என்று பாருங்கள்; அப்படியானால் குற்றம் பாபின்மேல், சுத்தமாக அறுந்தால் கைமேல். பீங்கான் குழாய் வைத்த பாபினில் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. கத்தரியில் ஒன்றைத்தான் வலியுறுத்துவேன்: நூலும் இறகும் வெட்டும் கத்தரியால் உலோகக் கம்பியை வெட்டாதீர்கள். நுனி ஒருமுறை பள்ளம் விழுந்தால் பிறகு அது இறகை வெட்டாது, மடிக்கும்.

இனி நூல். உறையில் 6/0, 8/0 என்று போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற நூல் மெலியும். ஆனால் இந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒருவருடைய 8/0 இன்னொருவருடைய 6/0-வுக்கு அருகில் இருக்கலாம். டெனியர் எண் போட்டிருந்தால் அதை நம்புங்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே டெனியர், அதனால் ஒப்பிட முடியும். பழகுவதற்கு இரண்டு நூல் போதும். 8, 10 எண் பெரிய முட்களுக்கு 140 டெனியர், 12 முதல் 16 வரையான சிறிய முட்களுக்கு 70 டெனியர். தொடங்கும்போது தடித்ததில் தொடங்குங்கள். மெல்லிய நூலில் கட்டினால் ஃப்ளை நேர்த்தியாக வரும் என்பது உண்மை, ஆனால் இழுப்பு கைக்குப் புரிந்த பிறகுதான் அது உண்மை.

கட்டும் நூல் பெரும்பாலும் முறுக்கில்லாத அல்லது லேசாக முறுக்கிய இழைக்கற்றை. சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு ஒரு முறுக்கு ஏறுகிறது. 30, 40 சுற்று போனபின் பார்த்தால் நாடா போலத் தட்டையாக இருந்த நூல் கயிறு போல உருண்டிருக்கும். உருண்ட நூல் மேடு போடும், பொருளை வெட்டும், அடுத்த சுற்று அதன்மேல் நிற்காமல் சரியும். தட்டையாக்க, பாபினைத் தொங்கவிட்டு மேலிருந்து பார்க்கும்போது கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றிவிடுங்கள். இழை பிரிந்து தட்டையாவது தெரியும். தட்டை நூல் உடலை மிருதுவாக்கும், தலையைச் சின்னதாக்கும். உருண்ட நூலுக்கும் வேலை உண்டு: பொருளை ஒரு புள்ளியில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் கடிகாரத்திசையில் சுழற்றி உருட்டிக்கொள்வார்கள். இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லாத வீடியோக்கள் ஏராளம். வீடியோவில் வருவது போல் நம் தலை ஏன் வரவில்லை என்று பலர் திகைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இழுப்பைப் பழக ஃப்ளை கட்டவே வேண்டாம். வெறும் முள் ஒன்றை மாட்டுங்கள். முள்ளின் வளைவைத் தாடை பிடிக்க, நேராக நீளும் தண்டு படுக்கைமட்டமாக இருக்கட்டும். நூல் நுனியை இடக்கையில் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தண்டின்மேல் ஐந்து சுற்று பின்னோக்கிச் சுற்றி, அதன்மேலேயே ஐந்து சுற்று முன்னோக்கி ஏறி வந்தால் நூல் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. மிச்ச நுனியை வெட்டுங்கள். இப்போது பாபினை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டே போங்கள், நூல் அறும்வரை. முள் எவ்வளவு வளைந்தபோது அறுந்தது என்று கவனியுங்கள். மறுபடி நூல் தொடங்கி மறுபடி அறுங்கள். பத்து முறை அறுத்தால் எல்லை எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்த எல்லையில் முக்கால் பங்குக்கு மேல் இழுப்பே நல்ல கட்டுக்கு வேண்டியது. தொடக்கக்காரர்கள் நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் பாதி இழுப்பில் கட்டுகிறார்கள். ஃப்ளை வைஸில் அழகாக இருக்கும், நாலு எறிதலில் அவிழ்ந்துவிடும். பாபின் குழாய் நுனிக்கும் முள்ளுக்கும் இடையே 3 முதல் 5 செ.மீ. நூலுக்கு மேல் விடாதீர்கள். நீளம் கூடினால் சுற்று நினைத்த இடத்தில் விழாது. இன்னொன்று, நூல் அறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இழுப்பே அல்ல, முள்ளின் முனை. பின்பக்கம் சுற்றும்போது நூல் முனையை உரசிவிட்டால் பாதி இழைகள் வெட்டுப்படும், அடுத்த இழுப்பில் அறும். உங்களுக்கு இரண்டு முறை அறுந்தது வால் கட்டும்போது என்றால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

அடுத்து, வால் ஏன் சரிந்தது. நாம் நூலை நம் பக்கத்திலிருந்து மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்குகிறோம். இறுக்கும்போது அது பொருளையும் தன்னோடு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போகும். இதைத் தடுக்க ஒரு கைமுறை இருக்கிறது, ஃப்ளை கட்டுவதில் இதைவிட முக்கியமான அசைவு வேறில்லை, ஆங்கிலத்தில் பிஞ்ச் ராப் என்பார்கள். பொருளை இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தண்டின் உச்சியில் வையுங்கள். விரல்கள் பொருளை மட்டுமல்ல, தண்டின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நூலை மேலே கொண்டுவந்து, பெருவிரலை மட்டும் சற்றுப் பின்னால் உருட்டி அந்த இடுக்கில் நூலை நுழையுங்கள். விரலை மூடுங்கள். பொருளுக்கு மேலே நூல் ஒரு தளர்ந்த வளையமாக நிற்கும். அந்தப் பக்கம் இறங்கும்போது ஆள்காட்டி விரலை அதேபோல் திறந்து மூடுங்கள். இப்போது விரலைத் தளர்த்தாமல் பாபினை நேராகக் கீழே இழுத்தால் வளையம் பொருளின்மேல் செங்குத்தாக இறங்கி அமரும், பக்கவாட்டில் தள்ளாது. இரண்டாவது சுற்றையும் இதேபோல் போட்டபின்தான் விரலை எடுக்கலாம். விரலை ஒரு கணம் முன்னால் எடுத்துவிடுவதே இதில் எல்லோரும் செய்யும் தவறு. அப்போதும் சரிகிறது என்றால் பொருளைத் தண்டின் உச்சியில் வைக்காமல் உங்கள் பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள், நூலே அதை உச்சிக்கு உருட்டி விடும். தண்டு வெறும் உலோகமாக இருந்தாலும் வழுக்கும். முதலில் ஒரு படுகை நூல் சுற்றிவிட்டுத்தான் எதையும் கட்ட வேண்டும்.

கண் அடைப்புக்கு மருந்து அளவு. ஒரு முள்ளின் கண் எவ்வளவு நீளமோ அதில் இரண்டு மடங்கு இடத்தைக் கண்ணுக்குப் பின்னால் காலியாக விடுங்கள். கட்டத் தொடங்கும்போதே அங்கே நூலால் ஓர் ஒற்றைச் சுற்றுக் கோடு போட்டு வைத்தால் எல்லை தெரியும். உடல், ஹேக்கிள் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்ற ஆசைதான் கண்ணை மூடுகிறது. மற்ற அளவுகளையும் முள்ளைக் கொண்டே அளக்கலாம். சாதாரண ட்ரை ஃப்ளையில் வால் தண்டின் நீளம், இறக்கையும் ஏறத்தாழ அதே, ஹேக்கிள் இழை முள்ளின் வாய் அகலத்தில் ஒன்றரை மடங்கு. வாய் என்பது முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி. பொருளைக் கட்டுமுன் முள்ளுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து, அளந்த இடத்தை விரலிடுக்கில் பிடித்தபடியே கட்ட வேண்டும். அளந்துவிட்டுக் கைமாற்றினால் அளவு போய்விடும்.

முடிச்சு என்பது விப் ஃபினிஷ்தான். தத்துவம் எளிது: நூலின் ஒரு பகுதியைத் தண்டோடு சேர்த்துப் படுக்கவைத்து, அந்த நூலாலேயே அதன்மேல் நாலைந்து சுற்று சுற்றி, மிச்சத்தை இழுத்து அடியில் புதைப்பது. கருவியால் போடுவது பழக ஓர் அரை மணி நேரம் ஆகும். அதைத் தடித்த கயிறும் ஒரு பென்சிலும் கொண்டு முதலில் கையால் போட்டுப் பார்த்தால் கருவி ஏன் அப்படிச் சுழல்கிறது என்று புரியும். எட்டுச் சுற்று ஒரே முடிச்சாகப் போடுவதைவிட நாலு சுற்று முடிச்சு இரண்டு போடுவது நல்லது. நீண்ட முடிச்சை இழுக்கும்போது உராய்வு ஏறி, முடிக்கும் நேரத்தில் நூல் அறும்.

எந்த ஃப்ளை என்றால் ட்ரை ஃப்ளை வேண்டாம், இப்போதைக்கு நீருக்குள் இழுக்கும் ஊலி பக்கர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் உருவாக்கியது. பெரிய முள், தடித்த நூல், தவறு பொறுக்கும் பொருள், கோணலாக இருந்தாலும் மீன் பிடிக்கும். 8 அல்லது 10 எண், நீண்ட தண்டு முள். உறையில் 3எக்ஸ் நீளம் என்றிருக்கும், அதாவது மூன்று அளவு பெரிய முள்ளின் தண்டு இதற்கு இருக்கிறது. முள்ளை வைஸில் மாட்டுமுன் எதிர்முள்ளை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை) குறட்டால் நசுக்கிவிடுங்கள். நசுக்கும்போது முனை உடைந்தால் இழப்பு ஒரு முள்தான். கட்டி முடித்து உடைந்தால் ஒரு ஃப்ளை.

தண்டில் நூல் படுகை போட்டு வளைவு தொடங்கும் இடத்துக்கு வாருங்கள். மரபூ என்ற பஞ்சு போன்ற மென்மையான இறகின் ஒரு கொத்தை விரலை நனைத்துத் தடவுங்கள், பறக்காமல் அடங்கும். தண்டு நீளத்துக்கு வால் அளந்து கட்டுங்கள். மிச்ச அடிப்பகுதியை வளைவருகே வெட்டிவிடாதீர்கள். அதைத் தண்டு நெடுகப் படுக்கவைத்து நூலால் மூடிக்கொண்டே முன்னால் போய், எல்லைக் கோட்டில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் வால் முடியும் இடத்தில் ஒரு பள்ளம் விழும், உடலுக்குச் சுற்றும் ஷெனீல் (பஞ்சு பொதிந்த தடித்த நூல்) அதில் இறங்கி உடல் இடுப்பொடிந்து தெரியும். நூலை மீண்டும் வளைவுக்குக் கொண்டுவந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைக் கட்டி அப்படியே தொங்கவிடுங்கள். ஷெனீலின் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் பஞ்சை நகத்தால் உரித்து, உள்ளே தெரியும் நூலை மட்டும் கட்டுங்கள்; பஞ்சோடு கட்டினால் பின்னால் முடிச்சு போல் புடைக்கும். கட்டும் நூலை முன்னால் கொண்டுபோய், ஷெனீலை ஒன்றையொன்று தொட்டபடி சுற்றி எல்லைக் கோட்டில் கட்டி வெட்டுங்கள்.

ஹேக்கிள்தான் இந்த ஃப்ளையின் மூளை வேலை. சேவல் இறகின் அடித்தண்டை முன்பக்கம், கண்ணருகே கட்டுங்கள், பளபளப்பான முகம் முன்னால் பார்க்க. கட்டுமுன் அடியில் இரண்டு மில்லிமீட்டர் இழையை உரித்துவிட்டால் முதல் அரைச் சுற்று வெறும் தண்டாகப் போகும், இழைகள் நூலுக்கடியில் மாட்டாது. முதலில் கண்ணருகே இரண்டு நெருக்கச் சுற்று, பிறகு இடைவெளி விட்டு ஐந்து ஆறு சுற்றில் பின்னோக்கி வளைவு வரை வாருங்கள். நுனி பின்னால் வருவதால் இழையும் பின்னால் குட்டையாகும், சாய்வு தானாக அமையும். இப்போது தொங்கும் கம்பியை இறகு நுனியின்மேல் ஒரு சுற்று போட்டுப் பூட்டி, முன்னோக்கிச் சுற்றுங்கள். இங்கே ஒரு குழப்பம் பல இடங்களில் உண்டு, ‘கம்பியை எதிர்ச்சுழற்சியில் சுற்று’ என்று எப்போதும் சொல்வார்கள். ஹேக்கிள் முன்னிருந்து பின்னோக்கி வந்திருந்தால் அது தவறு. ஒரே சுழற்சியில் ஒன்று பின்னாலும் ஒன்று முன்னாலும் போனால் இரண்டும் தாமாகவே குறுக்காக வெட்டிக்கொள்ளும். எதிர்ச்சுழற்சியில் கம்பியைச் சுற்றினால் அது ஹேக்கிள் தண்டுக்கு இணையாக ஓடி, எதையும் பிடிக்காமல் இடுக்கில் விழும். இரண்டும் பின்னாலிருந்து புறப்படும் ஃப்ளைகளில்தான் எதிர்ச்சுழற்சி தேவை. ஒரு பென்சிலில் இரண்டு நிற நூலைச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கம்பியைச் சுற்றும்போது லேசாக இடவலமாக ஆட்டிக்கொண்டே போனால் இழைகள் அதற்கடியில் படுக்காமல் விலகிக்கொடுக்கும். முன்னால் வந்ததும் நூலால் நாலு சுற்று இறுக்கி, கம்பியைக் கத்தரிக்காமல் முன்னும் பின்னும் சுழற்றி ஒடித்துவிடுங்கள், வெட்டு நுனி நீட்டிக்கொண்டு நிற்காது. விப் ஃபினிஷ், முடிந்தது.

இதையே ஒரே அளவில், ஒரே நிறத்தில் பன்னிரண்டு கட்டுங்கள். நடுவில் வேறு ஃப்ளைக்குத் தாவ வேண்டாம். கட்டியவற்றை வரிசையாக ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். ஒன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் சொல்லிக்கொடுக்கும். வால் நீளம், தலையின் பருமன், ஹேக்கிள் சுற்றுகளின் இடைவெளி எதில் கை ஆடுகிறது என்று அங்கேதான் தெரியும். படுமோசமானவற்றைச் சவர பிளேடால் கீறிப் பிரித்து முள்ளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது எந்தச் சுற்று தளர்வாக இருந்தது என்பதும் தெரியும். தேறியவற்றில் ஒன்றை ஒரு பாட்டிலில் தண்ணீரோடு போட்டு மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். வால் சுழல்கிறதா, ஹேக்கிள் நகர்கிறதா என்று பாருங்கள். ஆற்றில் நடப்பது மேசையிலேயே தெரிந்துவிடும்.

அதன்பின் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், நீருக்குள் வாழும் பூச்சியின் இளம்பருவத்தைப் போன்றது, ஃபெசன்ட் பறவையின் வாலிறகால் கட்டுவது. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயருடையது. அவர் கட்டும் நூலே இல்லாமல், செம்புக் கம்பியையே நூலாகவும் எடையாகவும் கொண்டு, ஃபெசன்ட் வால் இறகிழைகளை அதனோடு சேர்த்துச் சுற்றினார். எளிமையில் இதற்கு ஈடில்லை, ஆனால் கம்பி நூல் போல் மன்னிக்காது, அதனால் நூலில் கட்டும் பிற்கால வடிவத்தில் தொடங்குங்கள். 14 எண் முள், 70 டெனியர் நூல், வாலுக்கும் உடலுக்கும் சேர்த்து ஐந்தாறு இழை. இந்த இழை மிக எளிதில் ஒடியும், மீன் பல் பட்டால் போதும். மேலே கம்பியைக் குறுக்காகச் சுற்றுவது அலங்காரத்துக்கல்ல, ஆயுளுக்கு. இங்கே இழையும் கம்பியும் பின்னாலிருந்தே புறப்படுவதால் எதிர்ச்சுழற்சி சரி. தலையில் உலோக மணி வைத்துக் கட்டினால் 14-க்கு 2.8 மி.மீ. பொருந்தும். மணியின் சிறு துளை கண்ணைப் பார்க்க முள்முனை வழியாகக் கோத்துவிடுங்கள். டங்ஸ்டன் உலோகம் கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், பித்தளை சுமார் 8.5, அதே அளவில் இரண்டு மடங்குக்கு மேல் எடை, வேகமாக ஓடும் நீரில் அந்த வித்தியாசம் தெரியும். எடைக்கு ஈயக் கம்பி சுற்றும் வழக்கமும் உண்டு. ஆனால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் ஈயம் ஏற்றிய ஃப்ளைக்கு அனுமதி இல்லை, ஈயமில்லாக் கம்பியிலேயே பழகிவிடுவது நல்லது.

நிம்ஃபின் மார்புக்கு டப்பிங் வரும், அதாவது ரோமத்தை நூலில் முறுக்கி ஏற்றுவது. இதில் ஒரே விதி: போதும் என்று தோன்றும் அளவில் பாதியை எடுங்கள், அதிலும் பாதியை விட்டுவிடுங்கள். நூலின் நிறம் லேசாக மாறியது போல் தெரிந்தால் அதுவே சரியான அளவு. விரலை ஒரே திசையில் மட்டும் உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் முறுக்கியதை நாமே அவிழ்க்கிறோம்.

ட்ரை ஃப்ளைக்கு மூன்றாவதாகத் திரும்புங்கள். அப்போதும் இறக்கை பிரித்து நிறுத்தும் வகையை விட்டு, ஆல் ட்ரோத் என்பவர் உருவாக்கிய எல்க் ஹேர் கேடிஸில் தொடங்குங்கள். நீங்கள் ஊலி பக்கரில் பழகிய அதே ஹேக்கிள், அதே கம்பி, சின்ன முள்ளில். புதிதாக ஒன்றுதான், எல்க் மான் ரோமம். அது உள்ளே காற்றறைகள் கொண்டது, நூலை இறுக்கினால் விசிறிபோல் விரியும். அமுக்கினால் தீக்குச்சித் தடிமன் வரும் அளவு எடுத்து, அடியில் உள்ள பஞ்சு ரோமத்தைச் சீப்பால் முழுக்க வாரிவிட வேண்டும். பஞ்சு மிச்சமிருந்தால் நுனிகள் சமமாக அடுக்காது, கட்டும் நிற்காது. இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவது சுற்றில் இறுக்கம், விரல் பிடியைச் சற்றும் விடாமல். முதல் சுற்றிலேயே இறுக்கினால் ரோமம் தண்டைச் சுற்றி உருண்டுவிடும். ட்ரை ஃப்ளைக்கு ஹேக்கிள் வாங்கும்போது சேவலுடையதா என்று பாருங்கள், இழையை வளைத்து விட்டால் துள்ளி நிமிர வேண்டும். பெட்டைக்கோழி இறகு மென்மை, தண்ணீர் உறிஞ்சும். அது நீருக்குள் போகும் ஃப்ளைகளுக்கு.

இதுவரை சொன்னவை கையிலும் நூலிலும் சோதித்துப் பார்க்கக் கூடியவை. அடுத்து வருபவை அப்படி இல்லை. நிறம் எவ்வளவு முக்கியம் என்பதில் கட்டுபவர்கள் ஒத்துப்போவதே இல்லை. ட்ரவுட் மீனுக்கு நிறப்பார்வை உண்டு என்பதும், நீரில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கும் என்பதும் உறுதி. அதிலிருந்து ‘இந்தப் பழுப்புதான் பிடிக்கும், அந்தப் பழுப்பு பிடிக்காது’ என்று போவது ஊகம். அளவு, உருவம், பிறகு நிறம் என்ற வரிசையைப் பலரும் சொல்வார்கள். நடைமுறைக்கு நல்ல வழிகாட்டி, நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தலையில் பசை தேவையா என்பதிலும் இரு கட்சி உண்டு. நல்ல விப் ஃபினிஷ் பசையில்லாமலே நிற்கும் என்பது என் கட்சி. ஆனால் தொடக்கக்காரரின் முடிச்சுக்கு ஒரு துளி மெல்லிய பசை பாதுகாப்பு, வைத்ததும் கண்ணில் ஒரு இறகுத் தண்டை நுழைத்து இழுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். புற ஊதா ஒளியில் இறுகும் யூவி பிசின் பளபளப்பாக நிற்கும், ஆனால் மேலோட்டமாக இறுகும். நூலுக்குள் ஊறும் பசையின் வேலையை எல்லா இடத்திலும் செய்யாது.

எழுத்தால் தர முடியாத ஒன்றும் உண்டு, இழுப்பு. மேலே உள்ளதை வாசித்துக் கைக்கு ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பாபினை ஒருமுறை இழுத்துக் காட்டினால் பத்து நாள் மிச்சமாகும். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். செலவு மிச்சமாகும் என்ற எண்ணத்தில் மட்டும் இறங்க வேண்டாம். ஒரு ஃப்ளைக்கான பொருள் மலிவுதான், ஆனால் எல்லோரும் ஒரு ஃப்ளைக்கு வாங்கப் போய் பத்து ஃப்ளைக்கான இறகோடு வருவோம். மேலே சொன்ன மூன்றுக்கும் வேண்டியதை மட்டும் வாங்கி, மூன்றும் தேறும்வரை வேறெதுவும் வாங்காதிருந்தால் கை வேகமாக வளரும்.

இறகுகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. வழியில் கிடக்கும் காட்டுப் பறவையின் இறகை எடுத்துக் கட்டலாம் என்று தோன்றும். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதுகூடக் குற்றம். பழைய சால்மன் ஃப்ளைகளில் பக்கவாட்டில் மின்னும், அரக்குப் பூசியது போன்ற இறகு சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. காட்டில் வாழும் அந்தப் பறவைக்கு இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு. பண்ணையில் வளர்த்த கோழியின் இறகோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தொடக்கத்துக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. இரண்டாவது, அந்துப்பூச்சி. புதிதாக வரும் ஒவ்வொரு தோலையும் இறகையும் இறுக்கமாக மூடும் பையில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள், எடுத்து இரண்டு நாள் வெளியே விட்டு, மீண்டும் ஒரு வாரம் உள்ளே. முதல் குளிருக்குத் தப்பிய முட்டை நடுவில் பொரிந்தால் இரண்டாவது குளிரில் போகும். பைக்கு அடியில் மணல் போன்ற துகளோ, இறகில் கடித்த இடைவெளியோ தெரிந்தால் அந்தப் பையை மற்றவற்றின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். மீன்பிடித்துத் திரும்பியதும் நனைந்த ஃப்ளைகளைப் பெட்டியில் போட்டு உடனே மூடிவிடவும் வேண்டாம். ஓர் இரவு பெட்டியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் முள் துருப்பிடித்து, அந்தக் கறை பக்கத்தில் உள்ள இறகிலும் ஏறிவிடும்.